கால் எடுக்கும் பழக்கம்

என்னிடம் விமானம் ஓட்டக் கற்றவர்களை விசாரித்துப் பாருங்கள், நான் கோபப்படாத ஆசிரியன் என்றுதான் சொல்வார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு மாணவனைக்கூட அதட்டியதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் தவறு செய்து முடித்த பிறகுதான் வாய் திறப்பேன். ஆரணியில் பட்டு நெசவு பார்த்து வளர்ந்தவனுக்குப் பொறுமை தானாக வரும்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்பது விக்னேஷைப் பற்றி. கிளப் அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்த என் பழைய நோட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

விக்னேஷ் முள்ளிப்பட்டுக்காரன். அவன் அப்பா காத்தவராயன் எங்களுக்குத்தான் நெய்தார். என் அப்பா வீரபாகு பட்டும் ஜரிகையும் கொடுப்பார், அவர்கள் வீட்டுத் தறியிலிருந்து புடவையாகத் திரும்பி வரும். வாரம் ஒருமுறை அப்பா தறி பார்க்கப் போகும்போது ஸ்கூட்டரில் நானும் தொற்றிக்கொள்வேன். எனக்கும் விக்னேஷுக்கும் ஒரே வயது. பத்து வயதிலேயே அவன் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்துவிட்டான்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த நொடியே மிதிக்கட்டையிலிருந்து இரண்டு காலையும் எடுத்துவிட வேண்டும். இன்னொரு மிதி மிதித்தால் அறுந்த நுனி பக்கத்து இழைகளில் சிக்கி அவற்றையும் அறுக்கும். ஒருநாள் அவன் எடுக்கவில்லை. அப்பா குழிக்குள் குனிந்து அளவுகோலால் அவன் கணுக்காலில் நான்கு அடி போட்டார்.

"இழை அறுந்தா காலைத் தூக்குடா. ஜல்தியா தூக்கு."

காத்தவராயன் பக்கத்தில் நின்று சிரித்தார். முதலாளி அடிக்கும்போது அவர் வேறென்ன செய்வார்? அதன் பிறகு விக்னேஷ் ஒருபோதும் மறக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் நாங்கள் இருவரும் ஒரே ஃப்ளையிங் கிளப்பில் இருந்தோம். அவன் சர்க்கார் உதவித்தொகையில் வந்தவன், நான் அப்பாவின் தயவில். இருவரும் விமானி உரிமம் வாங்கியாயிற்று. அடுத்து பயிற்சியாளர் தகுதி. கிளப்பில் காலியாக இருந்தது ஒரே ஒரு பயிற்சியாளர் வேலை. ஊரில் என் அப்பாவை 'மொதலாளி' என்று கையெடுத்துக் கும்பிடுகிறவன், இங்கே என்னை 'டேய் சிவா' என்று கூப்பிட்டான். அது என்னை உறுத்தவில்லை என்று அப்போது நினைத்தேன். உறுத்தியது. தினமும் உறுத்தியது.

தலைமைப் பயிற்சியாளர் தனகோடி சார் ஒருநாள் என்னிடமே சொன்னார்: "அவன் பாடம் சொன்னா புரியுது, சிவகுமார். நீ சொன்னா பயமா இருக்கு." வேலை யாருக்கு என்று அன்றே தெரிந்துவிட்டது.

பயிற்சியில் எங்களை ஜோடியாகப் பறக்கவிடுவார்கள். ஒருவன் ஆசிரியனாக நடிப்பான், மற்றவன் மாணவனாக. ஒரு பாடத்தின் பெயர் ஸ்பின். விமானம் வேகம் இழந்து, ஒரு பக்கம் சரிந்து, பம்பரமாகச் சுழன்றுகொண்டே விழும். சுழற்சிக்கு எதிர்ப்பக்கத்துக் கால்மிதியை அடிவரை அழுத்தி, நிற்கும்வரை அழுத்தியபடியே இருக்க வேண்டும். எங்கள் பழைய விமானம் வேறு எதற்கும் மசியாது.

இடப்பக்கம் சுழன்றால் விக்னேஷ் ஒழுங்காகச் செய்வான். வலப்பக்கம் போட்டால் அந்த விமானம் வெடுக்கென்று ஓர் உதறு உதறும். அந்த உதறலில், ஏதோ இழை அறுந்துவிட்டதுபோல, அவனுடைய இரண்டு காலும் மேலே வந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள் இல்லையா?

அது அவனுக்கே தெரியாது. விழும்போது யார் தன் காலைப் பார்க்கிறார்கள்? முன்பு கற்றுக்கொடுத்தவர்களும் கவனிக்கவில்லை. இரண்டு இருக்கைகளின் மிதிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை, அவர்கள் கால் எப்போதும் மிதியிலேயே இருக்கும். நானும் என் பக்கத்து மிதியை அழுத்தினேன். சுழற்சி நின்றது.

"இன்னாடா சிவா, கரெக்டா வந்துச்சா?"

"அருமையா வந்துச்சு" என்றேன்.

மாணவனின் தவறைக் கண்டதும் குறித்துவைப்பது பயிற்சியாளரின் முதல் கடமை. குறித்தேன். நீங்கள் விரித்து வைத்திருக்கும் பக்கம்தான் அது. 'உதறினால் கால் தூக்குகிறான். தறிப் பழக்கம்.' தேதியும் போட்டிருக்கிறேன். அவனிடம் சொல்வது இரண்டாவது கடமை. அதை மட்டும் செய்யவில்லை. மூன்று வாரத்தில் பதினோரு தடவை அவனுக்காக அழுத்தினேன், பதினோரு தடவையும் பாராட்டினேன்.

தகுதித் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அவன் வந்தான்.

"இன்னொரு வாட்டி நீயும் கூட வாடா. வலப்பக்கம்தான் கொஞ்சம் பேஜாரா கீது."

"எதுக்கு? ஒவ்வொரு வாட்டியும் நல்லாத்தானே வந்துகினு இருக்கு. தனியா போய் வலப்பக்கமே போட்டுப் பழகு. நான் கீழ நின்னு பாக்கறேன்."

அவன் என் தோளைத் தட்டினான். "நீதான்டா என் வாத்தியாரு."

ஓடுபாதை ஓரம் நின்று பார்த்தேன். மூக்கு வலப்பக்கம் சரிந்தது. மூன்றாவது சுற்றில் நின்றிருக்க வேண்டும். ரேடியோ என் கையில் இருந்தது. 'இடது காலை அழுத்து' என்று மூன்று வார்த்தை போதும். தேவையில்லாமல் ரேடியோவில் பேசக் கூடாது என்பது விதி. ஒன்பது சுற்று வரை எண்ணினேன், பிறகு மரங்கள் மறைத்துவிட்டன.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவோடு முள்ளிப்பட்டு போனேன். அவன் அம்மா கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கூட இருந்து கத்துக் குடுத்தேன்னு சொல்லிகினே இருப்பான்பா. கடசியில இன்னா தப்பு பண்ணான்?"

"பயத்துல காலை எடுத்துட்டாம்மா. அழுத்திகினே இருந்திருக்கணும்."

காத்தவராயன் எழுந்து தறிக்குழி விளிம்பில் போய் உட்கார்ந்தார். "எடுக்கணும்னு நாமதானே பழக்கினோம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  காரணம் தெரியாமல் தவிப்பதைவிட ஏதோ ஒரு காரணம் கிடைத்தது அவருக்கு ஆறுதல்தானே. சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். அதன் பிறகு காத்தவராயன் நெய்யவே உட்காரவில்லை. நல்ல கை ஒன்று போயிற்று என்று அப்பா ரொம்ப நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

வேலை எனக்குக் கிடைத்தது. இப்போது யார் வந்தாலும் முதல் நாளே, வீட்டில் தறி உண்டா என்று கேட்பேன். உண்டு என்றால் காலைக் கவனித்துத் திருத்திவிடுவேன். நாற்பத்திரண்டு பேர் என்னிடம் படித்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

விக்னேஷைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: அந்தத் தவறை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். தனகோடி சார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.