படகில் ஏறியதோடு கதை முடிந்ததா?

— இன்னும் கொஞ்சம் கிட்ட வா கண்ணு. என் தோளுல சாஞ்சுக்கோ. அந்தக் கதவையே முறைச்சுப் பாத்தா அது சீக்கிரம் திறந்துடுமா? வா, ஒரு கதை சொல்றேன். மனசு கொஞ்சம் ஆறும்.

— கதை கேக்குற நேரமா அத்தை இது? உள்ள உங்க பிள்ளை தலையைத் திறந்து வச்சிருக்காங்க.

— அதுக்குத்தான் சொல்றேன். உன் கையைப் பாரு, எப்படிச் சில்லுனு கிடக்கு. நம்ம தைவான் நாடகத்தையே சொல்றேன். ஒல்லிப்பையனும் சைக்கிள்காரியும்.

— நானும் அவரும் உக்காந்து பாக்குற நாடகத்தை எனக்கே சொல்றீங்களா?

— நீ பாத்தது வேற, நான் சொல்றது வேற. கேளு. அவ சைக்கிள் பழுது பாக்குற கடையில, முகமெல்லாம் கரியைப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கா. இவன் பெரிய முதலாளி மகன். சைக்கிள் ஓட்டத் தெரியாது, வாய் மட்டும் காது வரைக்கும். வீட்டுல பாத்த பொண்ணுகிட்ட இருந்து தப்பிக்கணும். அதுக்கு இவளைக் கூட்டிட்டுப் போய், ‘நான் கட்டிக்கப் போறவ இவதான்’னு எல்லார் முன்னாலயும் நிறுத்துறான்.

— அந்த விருந்துல அவ செருப்பு பிஞ்சிடும்.

— பிஞ்சதை சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக்கிட்டு, ராணி மாதிரி நடப்பா! அன்னைக்கு உன் புருஷன் சிரிச்ச சிரிப்புல டீ மூக்கு வழியா வந்துச்சே.

— வேணாம் அத்தை. அவர் சிரிப்பைப் பத்திப் பேசாதீங்க.

— சரி, பேசல. அப்புறம் பொய்யா ஆரம்பிச்சது நிஜமாயிடுது. ஆனா வாயைத் திறந்து சொல்ல ரெண்டுக்கும் வீம்பு. அவ கோவிச்சுக்கிட்டுத் துறைமுகத்துக்குப் போயிடுறா. இவன் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டு, விழுந்து எழுந்து, முட்டியில ரத்தத்தோட அவ பின்னாடியே—

— அத்தை.

— என்ன கண்ணு?

— அது இன்னும் வரல. மழையில நின்னு சண்டை போடுறாங்களே, அது வரைக்கும்தான் நாங்க பாத்திருக்கோம். மீதியை ஆபரேஷன் முடிஞ்சு வந்து சேந்து பாக்கலாம், அது வரைக்கும் யாரும் திருட்டுத்தனமாப் பாக்கக் கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. துறைமுகம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஏதோ... வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— டிவியில கீழ ஓடுற எழுத்தை உங்களுக்கு அவ்வளவு வேகமாப் படிக்க வராது. யார் படிச்சுச் சொன்னா? என்னைப் பாருங்க அத்தை. அவரா?

— ஆமா. நீ வேலைக்குப் போயிருந்த நேரத்துல. என் பக்கத்துல உக்காந்து வரி வரியா வாசிச்சுக் காட்டினான்.

— அப்போ அவருக்கே நம்பிக்கை இல்ல. திரும்பி வரமாட்டோம்னு நினைச்சுத்தான் முழுசாப் பாத்துட்டுப் போயிட்டாரு. அதானே?

— அடியே, வாயைக் கழுவு! அதுக்கில்ல.

— வேற எதுக்கு?

— உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். நீ தாங்கமாட்டியாம். அம்மாடி... அவனை மயக்கம் கொடுத்துப் படுக்க வைக்கல. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

— தலையைத் திறந்து வச்சுக்கிட்டா?

— உக்காரு, உக்காரு, விழுந்துடாதே! வலிக்காதாம். மூளையில இருக்குற அந்தக் கட்டி, பேச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்காம். இவன் பேசிக்கிட்டே இருக்கணும், டாக்டர் வெட்டிக்கிட்டே இருப்பாரு. பேச்சு தடுமாறினா கத்தியை நிறுத்திடுவாங்க. நீளமா ஒரு கதை தயார் பண்ணிட்டு வான்னு டாக்டர்தான் சொன்னாராம். பாதிக் கதையை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் ஓட்டுவான்? அதான் மீதியையும் பாத்தான்.

— அப்போ இந்த நிமிஷம் உள்ள...

— ஒல்லிப்பையன் கதைதான் நடக்குது.

— எனக்குத் தெரியாம அம்மாவும் பிள்ளையும்... கதவு திறக்குது அத்தை! சிஸ்டர், என்னாச்சு? எதுக்கு வெளிய வந்தீங்க?

— பாருங்க, பதறாதீங்க. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். அவர் ஒரு நாடகக் கதை சொல்லிக்கிட்டு இருந்தாரு. அது உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். ஏன்?

— பொண்ணும் பையனும் படகுல ஏறினாங்கன்னு சொன்னாரு. அதோட நிறுத்திட்டாரு. அப்புறம் என்னாச்சுன்னு டாக்டர் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டாரு, பதில் இல்ல.

— ஐயோ, என் பிள்ளைக்குப் பேச்சு போச்சா?

— பேரைக் கேட்டா சொல்றாரும்மா. கையைத் தூக்கச் சொன்னா தூக்குறாரு. கதை மட்டும் வரல. படகுல ஏறினதோட கதை முடிஞ்சிருந்தா ஒண்ணுமில்ல. இன்னும் கதை இருந்து அது அவருக்கு வரலன்னா, டாக்டர் அந்த இடத்தைத் தொடக் கூடாது. மிச்சக் கட்டியை விட்டுட்டுத்தான் மூடணும். பாருங்க, சீக்கிரம் சொல்லுங்க. படகோட முடியுதா?

— அத்தை, சொல்லுங்க! நீங்கதானே பாத்தீங்க?

— படகு வந்துச்சு. கடல் நீலமா இருந்துச்சு. அப்புறம்... நான் தூங்கிட்டேன் கண்ணு. பாவி, அந்த நேரம் பாத்துத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா டிவி அணைஞ்சு கிடந்துச்சு.

— என் போன் எங்க? உங்க பையிலயா? கொடுங்க... கடைசிப் பகுதி... இது இல்ல... இதோ. படகு. ஏறுறாங்க.

— முடிஞ்சிடுச்சா? பேரெல்லாம் ஓடுதா?

— இல்ல. நடுக்கடல்ல படகு நின்னுடுது. எஞ்சின் பழுது. அவ கையை மடிச்சு விட்டுட்டு உள்ள இறங்குறா. இவன் விளக்கு பிடிக்கிறான்... ஏதோ கேக்குறான்... அத்தை, கதை இருக்கு. நிறைய இருக்கு.

— முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடு கண்ணு. கட்டியை முழுசா எடுத்துடட்டும். மிச்சம் இருந்தா திரும்பவும் வளரும்னாங்களே.

— பொய் சொல்லி அவர் பேச்சை வெட்டிப் போடச் சொல்றீங்களா? சிஸ்டர், கதை முடியல. படகு நடுவுல நின்னுடுது. அவதான் சரி பண்றா. அவர் இதையெல்லாம் பாத்திருக்காரு. போய்ச் சொல்லுங்க.

— சரி. இங்கயே இருங்க.

— அத்தை... நான் சொன்னது சரிதானே?

— சரிதான். பெத்த வயிறு, புத்தி கெட்டுப் பேசிட்டேன்.

— பேச்சு இல்லாம வந்தாலும் வரட்டும் அத்தை. நான் வாசிச்சுக் காட்டுறேன். தினமும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுறேன்.

— என் கையை மட்டும் விட்டுடாதே.

— நீங்கதான் என் கையை நசுக்கிக்கிட்டு இருக்கீங்க.

— உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சே. உனக்குக் கேக்கலையா?

— கேட்டுச்சு. பேசாதீங்க. யாரோ வர்றாங்க... சிஸ்டர்! சிரிக்கிறீங்களா, அழுறீங்களா? முகக்கவசத்துல ஒண்ணும் தெரியல. வாயைத் திறந்து சொல்லுங்க!

— பாருங்க, நான் போய், ‘படகு நடுக்கடல்ல நின்னுதாமே சார், அப்புறம் என்ன?’ன்னு கேட்டேன். கண்ணைத் திறந்து ஒரு கத்து கத்தினாரு பாருங்க! நல்லவேளை, டாக்டர் கையில அப்போ கத்தி இல்ல. ‘அதை உனக்கு யார் சொன்னா? என் பொண்டாட்டி பாத்துட்டாளா?’ன்னு கேக்குறாரு. ‘கடைசிக் காட்சியை அவளோட உக்காந்துதான் பேசுவேன், இங்க சொல்லமாட்டேன். வேற எதைப் பேசலாம்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்’ங்கறாரு. டாக்டர் திட்டின திட்டுல, இப்போ வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டு இருக்காரு. வேலை மறுபடி ஆரம்பிச்சாச்சு.

— சிஸ்டர்... நான் பாக்கலன்னு சொல்லிடுங்க. அத்தைதான் பாத்துச் சொன்னாங்கன்னு சொல்லுங்க.

— போடு, பழியை என் மேல போடு! நல்லா அழு, இப்போ அழலாம். தாயி, நீ உள்ள போ. உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். உன் வீட்டுலயும் எங்க வீட்டுலயும், இந்தக் கதையைக் கேக்குற எல்லார் வீட்டுலயும் மனுஷங்க வாய் ஓயாமப் பேசி, சண்டை போட்டு, ஒருத்தருக்காக ஒருத்தர் ஒரு சொல்லை மிச்சம் வச்சுக்கிட்டு, நிறைஞ்சு வாழட்டும்.