செல்லப்பாண்டி சொன்ன சாட்சி

எந்திரிக்காதீங்க அண்ணாச்சி, உக்காருங்க. பஸ்ஸு இப்பத்தான் திருச்சுழிப் பக்கம் போயிருக்கு, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். இந்த வெயில்ல ரோட்டுல போயி நின்னு என்ன செய்யப் போறீக? இந்த வேதக் கோயில் வராந்தாவுல கொஞ்சமாச்சும் காத்து வரும். தண்ணி குடிங்க. உப்புக் கரிக்கத்தான் செய்யும், எங்க ஊரு போரு தண்ணி அம்புட்டுத்தான்.

நீங்க வந்த சோலிய முடிச்சுட்டீக, சரி. செல்லப்பாண்டி மக முத்துத்தாய் வேண்டாம், பையனுக்கு வேற எடம் பாக்குறோம்னு சொல்லிட்டீக. அவுக வீட்டுலயே போயிச் சொல்ல மனசு வரல, உபதேசியார் நீங்களே சொல்லிருங்கன்னு எங்கிட்ட வந்திருக்கீக. நரிக்குடியில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்து சொல்றீகளே, அதுவே பெரிய மனுசத்தனம். இதுக்கு முந்தி மல்லாங்கிணறுல இருந்து பாத்துட்டுப் போனவுக ஒரு கார்டு கூடப் போடல.

பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லன்னு நீங்களே சொல்றீக. டைப்பு பாஸ் பண்ணிருக்கு, ஓய்வுநாள் பள்ளியில பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்குது. அப்பன்தான் காரணம்ங்கிறீக. ரெண்டு வருசத்துக்கு முந்தி பந்தல்குடி கூட்டத்துல அவன் மைக்கப் புடிச்சு, ஏழு மாசமா இருந்த பொண்டாட்டியக் காலால எத்தி, வயித்துப் பிள்ளையக் கொன்ன பாவி நான்னு சொன்னத உங்க காதால கேட்டிருக்கீக. நீங்களும் அழுதீகளா? அழுதிருப்பீக. அங்க அழாதவுக யாரு. ஆனா அந்த வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு வரும்போது உங்க வீட்டம்மா மாட்டேங்கிறாக. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு வீட்டுல பேசி முடிவு எடுங்க.

நானும் அவனும் எம்பத்தி நாலுல இருந்து சேந்து ஊழியம் பண்றோம். சனிக்கிழமை ஆனா ரெண்டு சைக்கிள் கெளம்பிரும். அவன் கேரியர்ல கொழா மைக்கு, பேட்டரி, ஸ்டாண்டு. என் கேரியர்ல பைபிளும் பாட்டுப் புஸ்தகமும். கனமெல்லாம் அவன் பக்கம். நான் ஆரம்பத்துலயே அப்படித்தான் பிரிச்சிருக்கேன், இப்ப நெனச்சாத்தான் தெரியுது. அவன் சம்சாரம் பெத்தம்மாள் டவுன் பஸ்ஸுல வந்து சேந்துக்கிரும். அது சிங்கி தட்டிப் பாடும், அவன் சாட்சி சொல்வான், நான் பிரசங்கம் பண்ணி முடிப்பேன்.

சாட்சின்னா உங்களுக்குத் தெரியாததா? இப்படிக் கெட்டுக் கெடந்தேன், கர்த்தர் என்னையத் தூக்கி எடுத்தாருன்னு ஜனங்க முன்னால நின்னு சொல்றது. எனக்கு அதுல சொல்ல ஒண்ணும் கெடையாது. மூணு தலைமொறையா வேதக்காரக் குடும்பம். ஏசுவடியான்னு பேரு, பீடி கூடத் தொட்டது இல்ல. நான் பேச ஆரம்பிச்சா ஜனங்க பைய எந்திரிச்சுக் கடலை வாங்கப் போயிரும். அவன் வாயத் தொறந்தா உக்காந்து கேக்கும். அவன் தொண்டை அப்படி.

அவன் நெசமான கதை என்ன தெரியுமா? அருப்புக்கோட்டையில ஒரு மில்லுல பஞ்சு லோடு தூக்குனான். குடிப்பான். ஒரு நா போதையில கருவேலங்காட்டுல விழுந்து கெடந்தான், நான்தான் சைக்கிள்ல வச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தான். அன்னையோட விட்டுட்டான். அம்புட்டுத்தான். நாலு நிமிசத்துல சொல்லி முடிச்சிருவான், கேட்டவுக சரின்னுட்டுப் போவாக.

எனக்கு அது பத்தல. ரெண்டு வருசம் சுத்தியும் ஒரு ஆளு சேரல, சேகரத்துப் பாதிரி ஐயரு வேற என்ன உபதேசியாரே, உங்க பக்கம் அறுவடையே இல்லையேன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாக. எனக்கு மானம் போச்சு. திரும்பி வாரப்ப ஒரு டீக்கடையில வச்சு இவங்கிட்டச் சொன்னேன். குடிச்சேன், விட்டேன்னா எவன் கேப்பான், கொஞ்சம் கனமா ஒண்ணு சேக்கணும்னேன். என்ன சேக்கணும்னும் நானே சொன்னேன். ஏழு மாசம், எத்தினது, பிள்ளை செத்தது, எல்லாம்.

அவன் பதறிப் போனான். ஐயா, நான் குடிச்சது நெசம், பெத்தம்மாள ஒரு நா கை நீட்டுனது இல்லையே, எங்களுக்கு முத்துத்தாய் ஒண்ணுதான பிறந்துச்சு, எந்தப் பிள்ளையும் சாகலையேன்னான். ஆண்டவரே உவமையாத்தான சொன்னாரு, அது மாதிரி நெனச்சுக்கன்னேன். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்ததே நான். நான் சொன்னா அவனுக்கு வேதத்துல இருக்கிற மாதிரி. மூணு நா கழிச்சு வந்தான். நாலு சனம் மனந்திரும்பும்னா சொல்றேன் ஐயான்னான். அந்த வார்த்தைக்கே நான் வெக்கப்பட்டிருக்கணும். சந்தோசப்பட்டேன்.

வரி வரியாச் சொல்லிக் குடுத்தேன். அந்தப் பொம்பள எந்தச் செவரப் புடிச்சுக்கிட்டு நின்னா, கையில இருந்த செம்பு எங்க உருண்டுச்சு, எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எடத்துல தலையக் குனியணும், எல்லாம். காரியாபட்டிப் பக்கம் ஒரு ஊர்ல மொதத் தடவை சொன்னான். பொம்பளைக விம்முது. ஏழு பேரு ஜெபத்துக்குப் பேரு குடுத்தாக. ஐயரு எங் கையப் புடிச்சுக் குலுக்குனாக. அவன் கைய இல்ல, எங் கைய.

பெத்தம்மாளா? அதத்தான் கேக்காம இருக்கணுமேன்னு பாத்தேன். அந்த எடம் வரும்போது ஊர்ப் பொம்பளைக அம்புட்டும் திரும்பி அதப் பாக்கும். கூட்டம் முடிஞ்சதும் கெழவிக வந்து அது வயித்தத் தடவிக் குடுத்து, பாவி மகளே, எப்படித் தாங்குனன்னு கேக்கும். இது சிங்கிய மடியில சொருகிக்கிட்டு நிக்கும். நாப்பது ஊரு இருக்கும் அண்ணாச்சி, நாப்பது ஊர்லயும் அப்படி நின்னுச்சு.

எங்க வீட்டுல சௌந்தரம் ஒரே ஒரு தடவை கூட்டத்துக்கு வந்தா. அந்தச் சாட்சிய பாதி கேட்டா, எந்திரிச்சு மூணு மைல் தனியா நடந்தே வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் வரல. அவளுக்கு எளப்பு, தூசி ஆகாதுன்னு எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இல்ல, எங்களுக்குப் பிள்ளைக இல்ல.

மல்லாங்கிணறு சம்பந்தம் முறிஞ்சப்ப செல்லப்பாண்டி எங்கிட்ட வந்தான். சண்டை போட வரல. போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். துண்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னான். ஐயா, அந்த ஒரு எடத்த மட்டும் இனிமே விட்டுரட்டுமா, பிள்ளை அழுகுதுன்னான். விட்டுருப்பான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுச்சு. அந்த மாசம்தான் பந்தல்குடி கூட்டம். நோட்டீஸ்ல ரெண்டு பேரு பேரும் அடிச்சு ஒட்டியாச்சு. சாத்தான் ஒன் வாயக் கட்டப் பாக்குறாண்டா, விட்டுக் குடுக்காதன்னு சொன்னேன் நான். சரிங்கய்யான்னுட்டு அங்க வந்து அதையே சொன்னான். அன்னைக்குத்தான் நீங்க கேட்டது.

நான் சொல்றது புரியுதா அண்ணாச்சி? அவன் யாரையும் எத்தல. அந்த வீட்டுல எந்தப் பிள்ளையும் சாகல. நம்பலைன்னா பெத்தம்மாளுக்குப் பிள்ளைப்பேறு பாத்த மருத்துவச்சி மேலத் தெருவுல இருக்கா, போயிக் கேளுங்க.

நேத்து சாயங்காலம் பெத்தம்மாள் கோயில் கூட்ட வந்துச்சு. நீங்க இன்னைக்கு வாரீகன்னு சேதி தெரிஞ்சிருக்கு, எதுக்கு வாரீகன்னும் ஊகிச்சிருக்கு. வெளக்குமாறு ஓடிக்கிட்டே இருந்துச்சு, என்னைய நிமிந்து பாக்கல. எப்பய்யா சொல்லப் போறீகன்னு கேட்டுச்சு. எதம்மான்னு கேட்டேன். சௌந்தரக்கா எங்கிட்டச் சொல்லி ஒம்பது வருசம் ஆச்சுய்யா, அக்காவுக்காகத்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன், இப்ப எம் பிள்ளை வாழ்க்கையில வந்து நிக்குதுன்னுச்சு. குப்பைய அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. நான் பீடத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன், எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. செல்லப்பாண்டிக்கு அது சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அவன் என்னைய மன்னிச்சிருப்பான், அது எனக்கு இதவிடக் கேவலம்.

நீங்க கேக்குறது சரிதான். நான் சொல்றது எப்படி இருக்குன்னு எனக்கே தெரியுது. நடக்காத ஒண்ண ஒரு மனுசன் இம்புட்டு வெவரமா எப்படிக் கட்டிச் சொல்ல முடியும்னு கேக்குறீக.

கட்டலைங்க. எனக்கு அம்புட்டுக் கற்பனை கெடையாது, என் பிரசங்கத்தக் கேட்டவுகளுக்குத் தெரியும். எல்லாம் எங்க வீட்டுல நடந்தது. எழுபத்தி ஒம்பதுல. பொம்பளப் பிள்ளை. சௌந்தரம் கீழ விழுந்துட்டான்னு ஆசுபத்திரியில எழுதிக் குடுத்தேன், அவளும் ஆமான்னு சொன்னா. எனக்குச் சொல்ல ஒரு சாட்சி இருந்துச்சு. அத அவன் வாயில வச்சு நாப்பது ஊர்ல அழ வச்சு, பக்கத்துல நின்னு ஆமென் போட்டேன்.

ஹாரன் கேக்குதுல்ல, பஸ்ஸு வந்துருச்சு. இருங்க, பைய நான் எடுத்துத் தாரேன். வேணாமா? சரி, சரி, நீங்களே எடுத்துக்கங்க. வீட்டம்மாகிட்ட நான் சொன்னதா அப்படியே சொல்லுங்க. இந்த ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாலயும் சொல்லத்தான் போறேன், தைரியம் வந்தா.

அப்புறம் அண்ணாச்சி, ஒரு திருத்தம். அந்தக் குடிய மட்டும் கழிச்சுக்கங்க, அது செல்லப்பாண்டி கதை. நான் குடிச்சவன் இல்ல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஆராதனை நடத்திட்டு நேரா வீட்டுக்கு வந்தேன், சோறு இன்னும் வடிக்கலைன்னு சௌந்தரம் சொன்னா. நல்ல நெதானத்துலதான் இருந்தேன்.