அமாவாசைப் படப்பிடிப்பு

எனக்குச் சர்க்கரை போடாத டீ போதும் சார். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

நாமக்கல்லில் யூடியூப் சேனல் நடத்துகிறேன். முதலில் கோழிப்பண்ணையை வைத்துச் சிரிப்புப் படம் எடுத்தேன்; என் மாமனார்கூடப் பார்க்கவில்லை. பிறகு, மகன் கைவிட்ட தாய் ஒருத்தியை மேட்டூர் பேருந்து நிலையத்தில் உட்காரவைத்து எடுத்தேன். ஜனங்கள் சிரித்தால் தாங்கள் மட்டும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அழுதால் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பி அழவைப்பார்கள். "மனசே கனத்துப்போச்சுங்க, அடுத்தது எப்பங்க?" என்று கேட்பார்கள். கேட்டதைக் கொடுப்பதுதானே தொழில்.

தாயாக நடித்தவர் சேந்தமங்கலம் சென்னியம்மாள். தங்கமான மனுஷி, அழுகைதான் வராது. கிளிசரின் விட்டாலும் சிரித்துவிடுவார். ஒரே மகன் குணசீலன், போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். அமாவாசையன்று வண்டிக்குப் பூஜை, வேலை கிடையாது. அன்று தவறாமல் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவான். அப்புறம் அவருக்கு எப்படி அழுகை வரும்?

அவர் போனில் மகன் எண்ணிலிருந்து அழைப்பு வராதபடி தடுத்துவைத்தேன். பதிந்திருந்த எண்ணிலும் ஓர் இலக்கத்தை மாற்றினேன். ரீசார்ஜ் செய்ய அவரே கொடுத்த போன்தான், திருடவில்லை. படப்பிடிப்பை அமாவாசைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கூப்டா யாரோ இந்தியில வையறான் சாமி. எம்பட பையன் நம்பரை மாத்திப்போட்டுச் சொல்லாம உட்டுட்டானாட்ட இருக்குது" என்றார். அதையே கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

அதன்பிறகு கிளிசரின் தேவைப்படவில்லை. "ஒருக்கா வந்துட்டுப் போ குணசீலா" என்று கும்பிட்டார். கதையில் மகன் பெயர் வேறு. ஆனாலும் அதை வெட்ட மனம் வரவில்லை.

குணசீலன் சேனல் எண்ணுக்கு என்னைக் கூப்பிட்டான். "அம்மாளுக்கு லைனே போவ மாட்டேங்குதுங்கண்ணா. வீடியோ பாத்தனுங்க, எம்பட பேரையே வெச்சுட்டீங்க. நல்லா நடிக்கறாங்க."

"ஷூட்டிங்னா போனை அணைச்சு வெக்கோணும் சாமி. நான் சொல்லிக்கறேன்" என்றேன். நிம்மதியாக வைத்தான். ஒருவனையாவது சந்தோஷப்படுத்தினேன்.

சென்னியம்மாள் சாப்பாட்டை விட்டுவிட்டார். கன்னம் ஒட்டிப்போனது, மேக்கப் செலவும் மிச்சமானது. போன அமாவாசையன்று கேமரா முன்னாலேயே சாய்ந்தார். நடிப்பென்று நினைத்தேன் என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னது பொய் சார். மூச்சு இழுப்பது நன்றாகத் தெரிந்தது. மேக்கப் போடும் சரிதா ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனாள். கொஞ்சம் பொறு, கேமரா ஓடுது என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிர் போயிற்று. பெற்ற பிள்ளை இருந்து செய்ய வேண்டியதை நான்தான் செய்தேன். கடைசி மூச்சுவரை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.