பின் பட்டையில் ஈரத் தோல்

பூந்தமல்லி பஸ்ஸுக்காகச் சென்னீர்குப்பம் சாலையோரம் நின்றிருந்தேன். எதிரே ஒரு பழைய கார் பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரத்தின் மேலே வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டை விரிசல் விட்டிருந்தது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். வெளியே, நெற்றி நிறையத் திருநீறோடு அவள் அப்பா. ஈரத் தோல் வாரைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வழியே வந்த ஒருவர், கிணற்றில் நீர் இறைக்கும் சாலுக்குத் தோல் தைப்பவராம், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மாட்டுத் தோலு கட்டுனா மோட்டாரு ஓடும்.”

டிரைவர் சிரித்தார். “இன்னாய்யா, இது இரும்பு!”

“ஏர்க்கால் வெடிச்சா கட்டறதில்லியா? மூங்கிப் பத்தை வச்சி ஈரத்தோட சுத்தணும். காயக் காய இறுகிக்கும். பின்னால பொண்ணைத் தவிர பாரம் ஏத்தாம போனா பட்ணத்து ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்.”

“ஒரு முனையை நான் பிடிச்சுக்கறேன்,” என்றார் அப்பா.

“வேணாம் சாமி. நீங்க தோலைத் தொடறதாவது! டிரைவரு புடிக்கட்டும்.”

“அவர் ஜாக்கியைப் பார்க்கட்டும். நீ சுத்துப்பா.”

கட்டி முடித்ததும் அப்பா கேட்டார்: “வழியிலே தளர்ந்தா யார் இறுக்கறது? நீயும் வா.”

“பின்னால தொத்திகினு வரேன் சாமி.”

“பின்னால பாரம் கூடாதுன்னு நீதானே சொன்னே? முன்னால வா, என் பக்கத்துல உட்காரு.”

கார் மெல்ல நகர்ந்தது. முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.