ஆறு எம்எம் போல்ட்டும் சாய்ந்த நெல்லும்

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. கணவர் மடியில் அறுவடை இயந்திரத்தின் அலுமினிய மூடி.

“ஆறு எம்எம் போல்ட்டுக்கு ஆறு எம்எம்லயேவாங்க ஓட்டை போட்டீங்க?”

“அவசரத்துல போட்டுட்டேன்டி. அஞ்சுல போட்டிருந்தா உள்ள மரை வெட்டி போல்ட்டு பிடிச்சிருக்கும்.”

“மிஷின் வயல்லயே நிக்குது. நெல்லு சாஞ்சு கிடக்கு. இப்ப என்னதான் வழி?”

“பட்டறையில குடுத்து, ஓட்டையை ஆறு புள்ளி எட்டுக்குப் பெருசாக்கி, எட்டு எம்எம் போல்ட்டுக்கு மரை போடச் சொல்லலாம்.”

“போட்டப்புறம் இறுக்குறது நான்தான். உங்க முரட்டுக் கைக்கு அலுமினியம் தாங்காது.”

“முறுக்கை அளந்து இறுக்குற டார்க் ஸ்பேனர் கேட்டு வாங்கிக்கிறேன். அளவோட நின்னுடும்.”

ஜன்னல் வழியே தூறல் அடித்தது. கணவர் அவசரமாகத் துண்டை எடுத்து மூடியைப் போர்த்தினார்.

“அதைப் போர்த்தி என்னங்க பண்றது? அங்க நெல்லுல்ல நனையுது!” என்றார் மனைவி.