கீழே இருக்கும் எண்

தொலைபேசியில் என் குரல் கேட்க நன்றாக இருக்கும், சார். கேஸ் ஏஜென்சியில் பதிவு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சிலிண்டர் வரவில்லை என்று சண்டை போடக் கூப்பிட்டவர்கள்கூட என்னிடம் பேசிய பிறகு சாந்தமாக வைத்துவிடுவார்கள். அதனால்தான் கொரோனா வந்ததும் நகரத்தின் கட்டுப்பாட்டு அறையில் என்னை எடுத்துக்கொண்டார்கள். வேறு சிபாரிசு எதுவும் கிடையாது.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டிலேயே தனிமையில் வைக்கப்பட்ட நோயாளிகளைத் தினமும் காலையில் கூப்பிட வேண்டும். விரலில் மாட்டும் மீட்டரைப் பார்த்து ஆக்சிஜன் எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள். நான் கணினியில் அடிப்பேன். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் திரை சிவப்பாகும், மூலையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மா எழுந்து வருவார், ஆம்புலன்ஸ் வண்டி கிளம்பும். மாலையில் எங்கள் மேற்பார்வையாளர் சுவர்ப் பலகையில் நகரத்தின் கணக்கை எழுதுவார்: புதிதாக இத்தனை, குணமானது இத்தனை, இறப்பு இத்தனை. அவருக்கு ஸ்கோர்போர்டு என்று பெயர் வைத்திருந்தோம். இறப்பு குறைந்த நாளில் மனிதர் எல்லோருக்கும் டீ சொல்வார்.

ஒன்றை மட்டும் அங்கே யாரும் யோசிக்கவில்லை. குணமானாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அந்த ஆள் என் திரையிலிருந்து மறைந்துவிடுவார். நேற்றுவரை தன் மருமகளைப் பற்றி என்னிடம் மூக்கைச் சிந்தியவர் இன்று இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

என் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மாடியில் ஓர் அறை. கணவர் இறந்து பல வருடமாகிறது, பிள்ளை கிடையாது. தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி. வேலையில் சேர்ந்த வாரமே அவள் கூப்பிட்டு, "அக்கா, கொஞ்ச நாளைக்கு இங்க வராத. தப்பா நினைக்காத, வீட்ல குழந்தைங்க இருக்கு" என்றாள். நான் தொடுவது தொலைபேசியைத்தான், நோயாளியை இல்லை என்று சொன்னேன். எதற்கு வம்பு என்றாள். அவள் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவள் நான். ஒரு ஞாயிறு முழுக்க வாயைத் திறக்காமலே இருந்துவிட்டு, குரல் இன்னும் வருகிறதா என்று பார்க்கக் குளியலறையில் நின்று என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, சார். அதை மறைக்கவில்லை.

திரையிலிருந்து போகவிடாமல் நான் முதலில் நிறுத்தி வைத்தது மளிகைக்கடைக்காரர் மனைவியை. கலகலப்பானவர். அவருடைய தனிமைக்காலம் முடிந்த அன்று, விதி மாறிவிட்டது, இன்னும் ஒரு வாரம் உள்ளேயே இருங்கள் என்றேன். அடுப்படியிலிருந்து இன்னும் ஒரு வாரம் விடுதலையா என்று சிரித்தார். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பிறகுதான் பஸ் டிரைவர் அண்ணன் என் பட்டியலில் வந்தார். ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகள் வேறு ஊரில். வழியெல்லாம் அடைத்திருந்ததால் அவளால் வர முடியவில்லை. முதல் நாளே, எண்ணைச் சொல்வதற்கு முன்னால், "நீ சாப்டியா தங்கச்சி?" என்று கேட்டார். அந்தச் சமயத்தில் இந்த நகரத்தில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்குள் அடைந்து கிடப்பது எப்படி இருக்கிறது என்றால், கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கட்டில், சர்வீஸ் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, டிக்கெட் எடுக்கத்தான் ஆளில்லை என்பார். மற்றவர்களை அவசர அவசரமாக முடித்துவிட்டு அவரைக் கடைசியாகக் கூப்பிடுவேன். அப்போதுதான் ஆற அமரப் பேச முடியும்.

ஒரு நாள் அவர், "மேல தொண்ணூத்தொண்ணு, கீழ தொண்ணூத்தாறு" என்றார். அந்த மீட்டரில் இரண்டு எண் வரும். மேலே இருப்பது ஆக்சிஜன், கீழே இருப்பது நாடித் துடிப்பு. பக்கத்தில் எழுதியிருப்பது பொடி எழுத்து, அவர் கண்ணுக்குத் தெரியாது. எது எது என்று நினைவில்லாமல் தினமும் இரண்டையும் படித்துவிடுவார். தொண்ணூற்றொன்று என்று அடித்தால் அன்றே கொண்டுபோய்விடுவார்கள். வார்டுக்குப் போனவரோடு எனக்கென்ன பேச்சு. கீழே இருப்பதுதான் மூச்சின் அளவு அண்ணா, மேலே இருப்பதை விட்டுவிடுங்கள் என்றேன். தொண்ணூற்றாறு என்று அடித்தேன். திரை பச்சையாகவே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு அவர் கீழே இருப்பதை மட்டுமே படித்தார். மூச்சு குறையக் குறைய நாடி ஏறும். எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். தொண்ணூற்றேழு ஆயிற்று, தொண்ணூற்றெட்டு ஆயிற்று. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். உடம்பு தேறுகிறது என்று மகளுக்கும் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டுகிறதே என்று ஒருமுறை கேட்டார். குணமாகும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மகள் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா குரலே ஒரு மாதிரி இருக்கு மேடம். ஆஸ்பத்திரியில சேத்துடலாமா?" தொண்ணூற்றெட்டு உள்ளவர் போய்ப் படுக்கையைப் பிடித்துக்கொண்டால், நிஜமாகவே முடியாதவர்கள் எங்கே போவார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்தாள். நல்ல வளர்ப்பு.

மறுநாள் நூற்று நான்கு என்றார். நூற்றுக்கு மேலே வருமா என்று அவருக்கே சந்தேகம். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றேன். "ஸ்கூல்லகூட இவ்ளோ மார்க்கு வாங்கினதில்ல" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

கடைசிக் காலையில் அவர் எண் எதுவும் சொல்லவில்லை. "வண்டி அனுப்பு தங்கச்சி" என்றார். அதைச் சொல்லவே நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா தன் மேசையில்தான் இருந்தார். வண்டியும் எங்கள் வாசலில்தான் நின்றது; அதன் ஓட்டுநர் கதவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் கையைத் தூக்கினால் போதும். தூக்கினால் லைனை டாக்டரம்மா வாங்கிக்கொள்வார்.

"கிளம்பிடுச்சு அண்ணா" என்றேன்.

எங்கே வருகிறது என்று கேட்டார். டிரைவர் அல்லவா. பாலம் தாண்டிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சிக்னலில் நிற்கிறது என்றேன். "இடது பக்கம் வேணாம்... தோண்டிப் போட்டிருக்கான்... தண்ணி டேங்க் பக்கமா வரச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். கதவைத் திறந்து வைக்கட்டுமா என்றார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். தெருமுனைக்கு வந்துவிட்டது என்று நான் சொன்னபோது பதில் இல்லை. அதற்குப் பிறகும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

தொண்ணூற்றெட்டு என்று அடித்தேன். அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டு, அப்பா போனை எடுக்கவில்லையே என்றாள். காலையில் நன்றாகப் பேசினார், இப்போது தூங்குவார், எழுப்பாதே என்றேன். பலகையில் இறப்பு குறைந்திருந்தது. ஸ்கோர்போர்டு டீ சொன்னார், நானும் குடித்தேன். மறுநாள் காலையில் அவருடைய நம்பரைப் போட்டு, மணி அடித்து ஓயும்வரை கேட்டுவிட்டு, தொண்ணூற்றெட்டு என்றே அடித்தேன். மத்தியானம் அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கதவை உடைக்கச் சொன்ன பிறகுதான் உங்களுக்கெல்லாம் தெரிந்தது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். வண்டி கேட்டார், நான் அனுப்பவில்லை, அனுப்பியதாகச் சொன்னேன். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் இந்த நகரத்தில் எத்தனையோ பேர் பக்கத்தில் ஒரு குரல்கூட இல்லாமல் போனார்கள், சார். அவர் அப்படிப் போகவில்லை.

ஒரு சின்ன உதவி செய்யுங்கள். அந்தப் பெண்ணின் நம்பர் உங்களிடம் இருக்கும். அப்பாவும் போய்விட்டார், பாவம், தனியாகத் தவித்துக்கொண்டிருப்பாள். உள்ளே வாரத்துக்கு ஒரு போன் பேச விடுவார்களாம். எனக்கென்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள். அவளைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.