இரண்டாவது சாவி

எங்கள் தெருவில் பாலிசிப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் கையெழுத்தைப் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஏதாவது களவு போன பிறகு அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்து, "அண்ணே, இதுல திருட்டுக்குக் கிடைக்குமா?" என்று திருதிருவென விழிப்பார்கள். நானும் சலிக்காமல் சொல்லுவேன்.

என் மச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். காரில் சாவியை விட்டுவிட்டு அரட்டை அடிக்கப் போன மகராசன். கார் போயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்டது, ஒன்றைத்தான் நீட்டினான். கையை விரித்துவிட்டார்கள். காருக்குள் இருந்த லேப்டாப்பையாவது கொடுங்கள் என்று கெஞ்சினானாம். வண்டி பாலிசி வண்டிக்குத்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு வேறு பாலிசி வேண்டும் என்று நான் விளக்கியபோது என்னை முறைத்தான். இப்படிப்பட்டவர்கள் ஏமாந்தால் எனக்கு வருத்தமே வருவதில்லை.

நீங்கள் பொறுமை இழப்பது தெரிகிறது இன்ஸ்பெக்டர் ஐயா. விஷயத்துக்கு வருகிறேன்.

என் கடையில் தண்ணீர் மோட்டார்கள் விற்காமல் தூங்கின. வேனுக்கும் வயதாகிவிட்டது. இரண்டும் திருட்டுப் போனால் நான் பிழைத்துக்கொள்வேன். ஆனால் கடைப் பாலிசி ஒன்று சொல்கிறது: பூட்டை உடைத்த அடையாளம் வேண்டும், எடுத்தவன் வீட்டு ஆளாகவோ வேலையாளாகவோ இருக்கக் கூடாது.

உடைப்பது பெரிய வேலையில்லை. சிக்கல் எங்கள் டிரைவர். வேனும் கடையும் அவனுக்கு அத்துப்படி, சந்தேகம் நேராக அவன்மேல்தான் போய் விழும். வேலையாள் என்றால் கம்பெனி கை கழுவிவிடும். அதனால் அன்று காலையிலேயே அவனை வேலையை விட்டு நிறுத்தினேன். வெளியாள் ஆகிவிட்டான். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டு அழுதான்.

அவனிடம் இருந்த இரண்டாவது சாவியை மட்டும் நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் பொருள் ஒரு ராத்திரிகூட அவன் பையில் தங்காது. நினைத்தபடியே பொழுது சாயும் நேரத்தில் வந்து நின்றான். எதிர்வீட்டுத் தையல்காரர் நன்றாகப் பார்க்கட்டும் என்று என் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன். "குடுக்க மறந்துட்டேண்ணே. தேடிக்கிட்டு இருப்பீங்களேன்னுதான் வந்தேன்" என்றான். கம்பெனிக்குக் காட்டச் சாவியும் ஆயிற்று, வேலை போன ஆத்திரத்தில் வாசலில் நின்ற ஆளும் ஆயிற்று.

இரவு மோட்டார்களை ஏற்றி வேனை நானே ஓட்டிப்போய்ப் பழைய இரும்புக்காரன் ஒருவனிடம் தள்ளிவிட்டேன். கடைப் பூட்டை வெளியே நின்று உடைத்தேன். என் மச்சானாக இருந்தால் உள்ளே நின்று உடைத்திருப்பான். வேனை நீங்கள் கண்டுபிடித்ததுகூட உங்கள் சாமர்த்தியம் இல்லை. என் கடைப் பெயரைச் சுரண்டி எடுக்கத் துப்பில்லாத அந்த இரும்புக்காரனின் புண்ணியம்.

மறுநாள் செய்தி கேட்டு டிரைவர் ஓடி வந்தான். தேட உதவுவதற்காம். தெருவே அவனைப் பிடித்துக்கொண்டது. முதல் அடி தையல்காரருடையது. எதையும் முழுசாகப் படிக்காத கூட்டம், வேறென்ன செய்யும். நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். அவன் அண்ணாந்து பார்த்தான்.

"சாவியக் குடுத்துட்டேன்னு சொல்லுங்கண்ணே."

சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். அப்புறம் வேறு யார் என்று தேட ஆரம்பித்திருப்பார்கள். ஜன்னலைச் சாத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் உயிர் போய்விட்டது.

சில நாள் கழித்து அவன் மனைவி வந்தாள். "வேன் பாலிசில டிரைவருக்கும் ஏதோ உண்டுன்னு அவரு சொல்லுவாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பத்திரத்தை விரித்து, விரல் வைத்துக் காட்டினேன். உண்டுதான் அம்மா, ஆனால் வேலையில் இருப்பவருக்கு, அதுவும் வண்டி ஓட்டும்போது நடந்தால்தான். உன் வீட்டுக்காரரை முந்தின நாளே நிறுத்தியாயிற்று. அன்றைக்கு அவர் நடந்துதான் வந்தார். புரிந்ததா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டேன். தலையை ஆட்டினாள்.

இரக்கமில்லாதவன் என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். அந்தத் தெருவில் என்னை விட்டால் வேறு யார் அவளுக்கு அவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?